பதினொரு அட்டைகளும் வராத படகும்: இரண்டு குழந்தைகளோடு மட்டாஞ்சேரி

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆறு வயது மகனையும் மூன்று வயது மகளையும் அழைத்துக்கொண்டு கொச்சியை ஒட்டிய திருப்பூணித்துறையிலிருந்து மட்டாஞ்சேரி அரண்மனைக்குப் போய்வந்தேன். தூரம் ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர்தான். எங்கள் வீட்டுக்கு அது பெரிய பயணம். மகனுக்கு ஆட்டிசம். கணவருக்குக் கவனக்குறைவுக் கோளாறு. வாரம் ஒரு சாவி தொலைப்பார். மகனுக்காகப் படிவங்களை நிரப்பியபோது பாதிக் கேள்விகளில் என் குழந்தைப் பருவம் இருந்தது. ஒரு வருடம் கழித்து எனக்கும் ஆட்டிசம்தான் என்று உறுதியானது. சின்னவளைப் பற்றி இன்னும் தெரியாது, அவசரமும் இல்லை.

போன அக்டோபரில், ரயிலை விட்டுவிடுவோம் என்ற பதற்றத்தில், நடைமேடையில் படுத்துவிட்ட மகனைத் தூக்கிப் பெட்டிக்குள் திணித்தேன். அதன்பின் மூன்று வாரம் அவன் வாசலைத் தாண்டவில்லை. பள்ளிக்கும் போகவில்லை. இனி அவனை இழுத்துக்கொண்டு எங்கும் போவதில்லை, அதற்காக வீட்டிலேயே அடைந்து கிடக்கப்போவதும் இல்லை என்று அப்போது முடிவு செய்தேன். அந்த முடிவுக்குப் பிறகு வந்த முதல் பயணம் இது.

எங்கள் முறை இதுதான். முந்தின ஞாயிறு நான் மட்டும் தனியாக அதே நேரங்களில் போய், ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து வந்தேன். மெட்ரோ, ஆட்டோ, படகுத்துறை, படகு, அரண்மனைப் படிக்கட்டு, சாப்பிடும் இடம், மறுபடி படகுத்துறை, படகு, ஆட்டோ, மெட்ரோ, வீடு என்று மொத்தம் பதினொரு அட்டைகள், ஒரு வளையத்தில் கோத்தவை. முடிந்த அட்டையை மகனே திருப்பிப் போடுவான். வழக்கமாகப் பன்னிரண்டாவதாக ஒன்று இருக்கும்: கேள்விக்குறி மட்டும் போட்ட வெற்று அட்டை. திட்டம் மாறினால் அதை இடையில் வைப்போம். ஒத்திகையில் எல்லாம் நிமிட சுத்தமாக நடந்ததால், அதை ஃபிரிட்ஜ் கதவிலேயே விட்டுவிட்டேன். ஒருமுறை சரியாக நடந்தது எப்போதும் அப்படியே நடக்கும் என்று என் மூளை நம்பிவிடும்.

காலை 8.40க்கு மெட்ரோ. மகாராஜாஸ் கல்லூரி நிலையம் வரை எனக்கு முப்பது ரூபாய். அங்கிருந்து படகுத்துறைக்கு ஆட்டோ, நாற்பது. 9.40 படகு அரை மணி நேரத்தில் மட்டாஞ்சேரியில் சேர்த்தது. டிக்கெட் பத்து ரூபாய்கூட இல்லை. என்ஜின் சத்தம் அதிகம், காதுமூடி அவசியம். நானும் ஒன்று மாட்டிக்கொண்டேன். துறையிலிருந்து அரண்மனை சில நிமிட நடை. ஞாயிறு என்பதால் பஜார் சாலையில் லாரிகள் இல்லை. மூடிய கிடங்குகளிலிருந்து சுக்கு வாசனை மட்டும் வந்தது. மகன் சுவரோவியங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. பழைய கொச்சி வரைபடம் ஒன்றின்முன் நாற்பது நிமிடம் நின்றான். வழி மறிக்கிறான் என்று ஒருவர் முணுமுணுத்தார். வழிவிட்டோம், கிளம்பவில்லை.

வீட்டிலிருந்து கொண்டுபோன தயிர்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு 1.40க்குத் துறைக்குத் திரும்பினோம். இரண்டு மணிப் படகு வராது என்றார்கள். நீர் இறங்கிவிட்டது, ஏற்றம் வந்தபிறகுதான் படகு துறையை அணையும், ஐந்து மணி ஆகலாம். நான் சொல்லி முடிக்குமுன் மகன் படகு அட்டையை இறுகப் பிடித்தபடி வாயிலிலேயே உட்கார்ந்தான். பிறகு படுத்தான்.

சுற்றி ஆட்கள் சேர்ந்தார்கள். பையன் கையில் போனைக் கொடுங்கள் என்றார் ஒருவர். மீன் கூடையோடு நின்ற ஓர் அம்மா, "ஒண்ணு வெச்சுக் கொடுத்தா மதி மோளே, தானா எழும்பும்" என்றார். ஓர் அடி போட்டால் போதும், மகளே என்று அர்த்தம். என் காதுக்குள் எல்லாக் குரலும் ஒன்றாகக் குழம்பத் தொடங்கியது. அவனைத் தூக்கி ஆட்டோவில் போட்டால் முக்கால் மணியில் வீடு. என்னால் தூக்க முடியும். அதுதான் பயமாக இருந்தது. இன்னும் மூன்று வாரம், ஒருவேளை அதற்கும் மேல். சின்னவளை மடியில் வைத்துக்கொண்டு அவன் அருகே தரையில் உட்கார்ந்தேன். "இவனுக்கு ஆட்டிசம். நேரம் வேணும், வேற எதுவும் வேண்டாம்" என்று இரண்டே வாக்கியம் சொன்னேன். பாதிப் பேர் கலைந்தார்கள்.

கலையாமல் நின்றவர் ஓர் ஆட்டோக்காரர். வீட்டில் தமிழ் பேசும் மட்டாஞ்சேரிக்காரர். "சேச்சி, நான் கொண்டு விடறேன். மெதுவா மதி, எனக்குத் திறுதி, அவசரம் ஒண்ணும் இல்ல" என்றார். எங்களிடம் இருப்பது அக்கரை ஆட்டோவின் அட்டை, இங்கிருந்து போகும் ஆட்டோவுக்கு அட்டை இல்லை என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, அட்டைதானே வேண்டும் என்று பக்கத்துக் கடையிலிருந்து ஒரு சோப்புப் பெட்டியைக் கிழித்துக்கொண்டு வந்தார். நான் பேனாவால் ஓர் ஆட்டோ வரைந்தேன்.

இருபத்தைந்து நிமிடம் கழித்து மகன் முதல் சொல் பேசினான். "மூணு சக்கரம்."

பக்கவாட்டில் வரைந்ததால் இரண்டுதான் தெரிந்தது. பேனாவை வாங்கி மூன்றாவதைப் போட்டான். பிறகு எழுந்துபோய் வண்டியின் முன்னால் நின்று, நம்பர் பிளேட்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக அட்டையில் எழுதினான். அந்த நேரம் பார்த்து ஒரு ஜோடி வந்து ஃபோர்ட் கொச்சிக்கு வருமா என்று கேட்டது. இந்த எண்ணைத் தவிர வேறு ஆட்டோவில் அவன் இனி ஏறமாட்டான்.

"இந்த வண்டி வராது" என்றார் ஆட்டோக்காரர். "படம் வரைஞ்சாச்சு."

திருப்பூணித்துறை வரைக்குமே விடுகிறேன் என்றார். முடியாது என்றேன், மெட்ரோ அட்டை இன்னும் பாக்கி. மகாராஜாஸ் நிலையம் வரை 230 ரூபாய். வழியில் பாட்டு போடவில்லை, ஹார்னும் அடிக்கவில்லை. நான்கரைக்கு வீடு.

போக நினைப்பவர்களுக்கு: அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை. துறையில் இறங்கியதுமே திரும்பும் படகைப் பற்றி விசாரித்துவிடுங்கள். ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய் தனியாக வையுங்கள். படகு நிச்சயம் என்று யார் சொன்னாலும், நீங்களே நேரில் பார்த்திருந்தாலும், வெற்று அட்டையை எடுத்துப்போங்கள். கூட்டம் சேர்ந்தால் சொல்ல வேண்டிய இரண்டு வாக்கியங்களை வீட்டிலேயே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அந்த நேரத்தில் நமக்கும் வாய் வராது.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று எழுத மாட்டேன். திங்களும் செவ்வாயும் மகன் மேசைக்கு அடியிலேயே இருந்தான். பள்ளிக்குத் தகவல் சொல்லிவிட்டு, நானும் பக்கத்தில் படுத்து நாட்களை எண்ணத் தொடங்கினேன். புதன்கிழமை காலை, தானே ஷூ போட்டுக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றான், வலது இடது மாறி. எங்கே என்று கேட்டேன்.

"ஆலுவா."

எங்களுக்கு ஆலுவாவில் யாரும் இல்லை. நாங்கள் ஏறும் மெட்ரோவின் மறுமுனை அது, அவ்வளவுதான். பள்ளி முடிந்ததும் போகலாம் என்றேன். சரி என்று ஷூவை மாற்றிப் போட்டுக்கொண்டான்.