அண்ணனின் இடுப்பும் என் மகளின் காதுகுத்தும்

அண்ணனுடைய சட்டைகள் எல்லாம் ஒரே இடத்தில்தான் கிழியும். காலர் நைவதற்கு முன்பே, முழங்கை வெளுப்பதற்கு முன்பே, வலது இடுப்புக்கு நேராக உள்பக்கத்தில் துணி இழை இழையாகப் பிரிந்துவிடும். மாதத்துக்கு ஒரு முறை நான்கைந்து சட்டைகளை மஞ்சள் பையில் சுருட்டிக்கொண்டு வந்து என் தையல் மிஷின்மேல் வைப்பார். நான் அப்போது பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸில் செக்கர். நாளெல்லாம் மற்றவர்கள் தைத்த சட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. எனக்காகவே உண்டாக்கிய வேலை என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். ஜோகுபாளையத்தில் வீட்டுக்கு வந்து சேர்ந்தால் அண்ணனின் சட்டைகள் காத்திருக்கும். கிழிந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டுத்துணி வைத்து, வெளியே தையல் தெரியாதபடி நான்கு பக்கமும் அடித்துக் கொடுப்பேன். அந்த இடத்தில் உரசிக்கொண்டே இருந்தது அவருடைய சர்வீஸ் ரிவால்வர்.

அண்ணன் பெங்களூர் போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். காக்கி உடுப்பில் இருக்கும்போது துப்பாக்கி வெளியே தெரியலாம், அது ஊரறிந்த விஷயம். காக்கியைக் கழற்றிய பிறகும் அதைச் சுமக்க வேண்டி வந்ததுதான் எங்கள் வீட்டுக் கதை. ஒரு ரவுடியின் கொலை வழக்கில் அண்ணன் கோர்ட்டில் ஏறி நின்று உள்ளதை உள்ளபடி சொன்னார். அவன் ஜெயிலுக்குப் போனான். அதே வழக்கில் பிடிபட்டு ஜாமீனில் வந்த அவன் தம்பி, டீக்கடைக்காரர் ஒருவர் மூலம் சொல்லி அனுப்பினான்: "சாரு டூட்டில இருக்கறப்ப கை வெக்க மாட்டேன். லீவுல இருப்பாருல்ல, அன்னிக்குப் பாத்துக்கறேன்." மேலதிகாரிகள் அண்ணனைக் கூப்பிட்டு, இனிமேல் லீவு நாளிலும் ரிவால்வர் உன்னிடமே இருக்கட்டும், ஆனால் யார் கண்ணிலும் படக்கூடாது என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். இரண்டரை வருஷம் அது அவர் இடுப்பில் குடியிருந்தது.

கூட இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சங்கடம் தெரியும். ஒரே நிறச் சட்டை போட்டால் புடைப்பு காட்டிக் கொடுத்துவிடும், கட்டம் போட்ட சட்டையில் கண் ஏமாறும். அதனால் அண்ணன் கட்டம் போட்ட சட்டைக்கு மாறினார், அதுவும் இரண்டு அளவு பெரியதாக. சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போடுவதில் அப்படி ஒரு பிரியம் உள்ள மனுஷன், தொளதொளவென்று வெளியே விட்டுக்கொண்டு அலைந்தார். கீழே விழுந்த சாவியை எடுப்பதற்குக்கூட இடுப்பை வளைக்க மாட்டார். முதுகு நேராக இருக்க முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுப்பார். என் மாமியார் அதைப் பார்த்து, "உங்க அண்ணனுக்கு இந்த வயசுலயே முட்டி தேஞ்சிடுச்சா?" என்று கேட்டிருக்கிறார். தெருவில் போனால் நாங்கள் எல்லாரும் அவருடைய இடது பக்கம்தான் நடப்போம். பழகிப்போய், யாரோடு நடந்தாலும் இன்றைக்கும் என் கால் இடது பக்கமாகத்தான் ஒதுங்குகிறது. தோல் உறையோடு கோயிலுக்குள் போகக்கூடாது என்று வெள்ளிக்கிழமைகளில் செருப்பு விடும் இடத்திலேயே நின்றுகொள்வார். எதிர்வீட்டுக் கன்னடத்து அம்மா ஒரு நாள் கேட்டேவிட்டார்: "ஏன் சார், தேவர மேலே கோபவா?" சாமிமேல் கோபமா என்று. அண்ணன் சிரித்துக்கொண்டே, "ஜகள ஏனூ இல்லம்மா" என்றார். சண்டை ஒன்றும் இல்லையாம்.

எல்லாவற்றுக்கும் மேல் பெண் பார்க்கப் போன கதை. கிருஷ்ணகிரிப் பக்கம் நல்ல இடம், பெண்ணுக்கும் அண்ணனைப் பிடித்திருந்தது. பாயில் உட்காரச் சொன்னார்கள். அண்ணன் நெளிந்து நெளிந்து, வலது பக்கத்தைக் கையால் அணைத்துக்கொண்டு, முகம் சிவக்கச் சுவரோரம் சாய்ந்தார். எழுந்திருக்கும்போதும் அதே கூத்து. இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்து குரலைத் தாழ்த்தி என்னைக் கேட்டார்: "தப்பா எடுத்துக்காதம்மா. மாப்பிள்ளைக்குக் குடலிறக்கமா? பொண்ணோட சித்தப்பா பாத்திருக்காரு." நான் என்ன சொல்ல முடியும்? இல்லை என்றால் அது என்ன என்பார்கள். துப்பாக்கி என்றால் ஏன் என்பார்கள். உயிருக்கு ஆபத்து உள்ளவனுக்கு எவன் பெண் கொடுப்பான்? அந்தச் சம்பந்தம் குடலிறக்கத்திலேயே முடிந்தது. அண்ணனிடம் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பரவால்ல பாப்பா, ஹெர்னியான்னா ஆபரேஷன் பண்ணிக்கலாம், இதுக்கு அதுவும் இல்ல" என்றார். அதற்குப் பிறகு அவர் பெண் பார்க்கப் போகவே இல்லை. நான்தான் அந்தக் கதையை எல்லாரிடமும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் மனசு எப்படி இருந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அந்த நாட்களில்தான் என் மகள் பிறந்தாள். வீட்டுக்குள் யார் வந்தாலும் கையை நீட்டித் தாவுகிற குழந்தை. அண்ணனைப் பார்த்தால் இரண்டு கையையும் நீட்டும். அவர் ஓர் அடி பின்னால் போய், விரலை மட்டும் கொடுப்பார். அந்த விரலைப் பிடித்துக்கொண்டு அது ஆட்டும், அவரும் ஆட்டுவார். தூக்கியதே இல்லை. "இடது கைல தூக்கேன்" என்பேன். "புள்ளைங்க கை எங்க போவும்னு யாரு கண்டா?" என்பார். நியாயம்தான். ஆனாலும் பெற்றவளுக்கு அது உறுத்தும்.

பதினோராம் மாதம் மொட்டை அடித்துக் காது குத்துவது என்று முடிவாயிற்று. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பதை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு இருப்பது ஒரே அண்ணன். அதற்கு முந்தின மாதம் என் நாத்தனார் வீட்டு விசேஷத்தில் மூன்று தாய்மாமன்கள் வரிசையாக நின்றார்கள். "உனக்குக் கூடப் பொறந்தவன் ஒருத்தன்தானே?" என்று நாத்தனார் அப்போதே ஒரு மாதிரியாகச் சொல்லிவிட்டார். அதனால் என் அண்ணன் சபையில் சம்மணமிட்டு உட்கார்ந்து என் குழந்தையை மடியில் வாங்கிக்கொள்வதை அவர் பார்த்தே ஆக வேண்டும் என்று எனக்கு வீம்பு. மடி எங்கே இருக்கிறது, அந்தத் துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று நான் யோசிக்கவே இல்லை.

அண்ணனும் யோசிக்கவில்லையா, சொல்லத் தயங்கினாரா, தெரியாது. முதல் நாளே சீர்த்தட்டுகளை அனுப்பிவிட்டார். விசேஷத்தன்று காலை எங்கள் தெருக்கோடியில் இருந்த சின்ன மண்டபத்துக்கு வந்தார், அதே கட்டம் போட்ட சட்டையில். குழந்தைக்கு மொட்டை போட்டுக் குளிப்பாட்டிச் சந்தனம் பூசியிருந்தோம். ஆசாரி ஊசியும் தங்கக் கம்பியுமாகத் தயாராக இருந்தார். நான் மணையைக் காட்டி, "உக்காருண்ணா" என்றேன். அவர் என்னைத் தூணோரம் கூப்பிட்டார்.

"பாப்பா, மடில வெச்சிக்க முடியாதும்மா. கொழந்த தொடை அது மேலதான் வரும்."

"வீட்டு பீரோல வெச்சிப் பூட்டிட்டு வா."

"அப்படிலாம் வெக்கக்கூடாது. யாருகிட்டயும் குடுக்கவும் கூடாது. ஸ்டேஷன்ல ஒப்படைச்சாத்தான் உண்டு."

"அப்ப ஒப்படைச்சிட்டு வா."

அவர் வாசல் பக்கம் பார்த்தார். அது என்னைக் கிளப்பிவிட்டது. எனக்கு வாய் நீளம், ஊருக்கே தெரியும். இரண்டு வருஷமாக ஒன்றும் நடக்கவில்லை, ஒரு மணி நேரம் அது இல்லாவிட்டால் குடியா முழுகிவிடும் என்று ஆரம்பித்து, கடைசியில் சொல்லக்கூடாததைச் சொன்னேன். "பெத்திருந்தா உனக்குத் தெரியும். உனக்கு அதுதான் கொழந்த. போ, அதையே மடில வெச்சிக்கிட்டு உக்காரு."

அண்ணன் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போனது கோபத்தில் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதன் பிறகு அங்கே நின்ற நேரம் எனக்குத்தான் தெரியும். நாத்தனார் வந்து, "எங்க வீட்டுக்காரர் உக்காரட்டுமா?" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. ராகு காலம் வரப்போகிறது என்று ஆசாரி கைக்கடிகாரத்தைத் தட்டினார். மாமியார் பெருமூச்சு விட்டார். நான் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "எங்கண்ணன் வருவாரு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். வருவார் என்ற நம்பிக்கையில் சொல்லவில்லை. வேறு யார் மடியிலாவது குழந்தையை வைத்துவிட்டால், நான் சொன்ன சொல் அப்படியே நிலைத்துவிடும் என்று பயமாக இருந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து பைக் சத்தம் கேட்டது. அண்ணன் உள்ளே வந்தார். அதே சட்டைதான், ஆனால் உள்ளே விட்டு பெல்ட் போட்டிருந்தார். அங்கே இருந்த அத்தனை பேரில் எனக்கு மட்டும்தான் அதன் அர்த்தம் தெரியும். பழைய அண்ணன் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

நேராக மணைக்குப் போனார். கிழக்குப் பார்த்துப் போட்டிருந்த மணையைக் காலால் தள்ளி மறுபக்கமாகத் திருப்பினார். "சார், கெழக்கப் பாத்துதான் உக்காரணும்" என்றார் ஆசாரி. "மேற்கப் பாத்தா காது குத்தாதா? நீ இந்தப் பக்கம் வா" என்றார் அண்ணன், போலீஸ்காரக் குரலில். வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். சாத்திரம் தெரியாத குடும்பம் என்று மாமியார் முகத்திலேயே எழுதியிருந்தது. என்மேல் உள்ள கோபத்தை மணையிடம் காட்டுகிறார் என்று நினைத்து நான் வாயை மூடிக்கொண்டேன். குழந்தையை அவர் மடியில் வைத்தேன். எங்கே பிடிப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை. கண்ணாடிப் பாத்திரத்தை வாங்குவது போல வாங்கினார். பிறகு இரண்டு கையாலும் சுற்றி அணைத்து, தன் நெஞ்சுக்குள் வைத்து மூடிக்கொண்டார். ஊசி இறங்கியதும் அது வீறிட்டு அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தது. அவர் கண்ணிலும் தண்ணீர். குத்தி முடித்தும் குழந்தையைக் கொடுக்கவில்லை. பந்தியில் மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டார், பருப்புச் சோற்றைப் பிசைந்து அதற்கும் ஊட்டினார். அந்த ஒரு நாள் அவர் எல்லாரையும் போல இருந்தார் என்று எனக்கு அப்படிச் சந்தோஷம். சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போய்த் திரும்ப வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

பிறகு ஜாமீன்காரனுக்கும் தண்டனை உறுதியாகி உள்ளே போனான். அண்ணனுக்கு லீவு நாள் துப்பாக்கி நின்றது, என் ஒட்டுப்போடும் வேலையும் நின்றது. இப்போது அவர் ரிட்டையர் ஆகி எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் மகள் ஐ.டி. கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். முதல் மாதம் முடிந்ததும் எங்களை ஓட்டலுக்கு அழைத்துப்போனாள். போனதும் அண்ணன் சுவரோர நாற்காலியைப் பிடித்தார். அவள் கேலி செய்தாள்: "மாமா, ரிட்டையராகியும் வாசலப் பாத்துதான் உக்காருவீங்களா? எந்தத் திருடன் சார் வரப்போறான்?"

"பழக்கம்மா. வாசலுக்கு முதுகு காட்டி நான் உக்காந்ததே இல்ல" என்றார்.

எனக்குச் சட்டென்று அந்த மணை நினைவுக்கு வந்தது. அந்த மண்டபத்துக்கு ஒரே வாசல், அது கிழக்குப் பக்கம். "இவளுக்குக் காது குத்தனப்ப உக்காந்தியேண்ணா?" என்றேன்.

அண்ணன் தோசையைப் பிய்த்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். அந்த வாரம் அந்த ஜாமீன்காரன் ஜோகுபாளையத்தில் சுற்றிக்கொண்டிருந்ததாகத் தகவல் வந்திருந்ததாம். "உங்கிட்ட சொன்னா விசேஷத்தையே நிறுத்திடுவ. இடுப்புல ஒண்ணும் இல்ல. கெழக்கப் பாத்து உக்காந்தா வாசலுக்கு நேரா கொழந்ததான். எங்கிட்ட இருந்தது முதுகு ஒண்ணுதான்."

மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்ன மாமா சொல்றீங்க?" என்று அவள் கேட்க, அவர் ஒன்றுமில்லை என்று தன் வடையை எடுத்து அவள் தட்டில் வைத்தார். பெற்றிருந்தால் தெரியும் என்று இந்த மனுஷனிடம் சொன்னவள் நான்.