தாங்கல் முன்னால் நின்ற குதிரை

என் மாமாவை, அதாவது அம்மாவின் அண்ணனை, ஊரில் குறை சொல்ல ஆள் கிடையாது. பொதுக்கிணறு வெட்டிக் கொடுத்தார். பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்டுக் கொடுத்தார். திருவிதாங்கூரை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கூட்டங்கள் நடந்த காலத்தில் மேடையேறி உரிமை உரிமை என்று தொண்டை வறளப் பேசினார். அவர் செத்த அன்று எங்கள் ஊரான கொட்டாரத்தில் கடைகளை அடைத்தார்கள். எனக்கு மட்டும் அழுகை வரவில்லை. துக்கத்தில் உறைந்துபோய் நிற்கிறேன் என்று நினைத்து யாரோ என் முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். துக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கோபம். பன்னிரண்டு வயதில் வந்த கோபம், இன்னும் போகவில்லை.

அந்த வருஷம் கோடை விடுமுறையில் எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்து மைதானத்தில் குதிரை ஏற்றம் பழக்கும் கேம்பு ஒன்று நடந்தது. திருவனந்தபுரத்தில் மகாராஜாவின் குதிரைப்படையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் மூன்று குதிரைகளோடு வந்து இறங்கினார். படையைக் கலைத்தபோது ஏலத்தில் எடுத்த குதிரைகளாம். இரண்டு செம்மண் நிறம். ஒன்று வெள்ளை, பெட்டைக் குதிரை, பெயர் லில்லி. அவரைக் குதிரை சார் என்று கூப்பிட்டோம். மலையாளமும் தமிழும் அவர் வாயில் ஒன்றாகவே கிடந்தன.

பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சரம்மா, பெண் பிள்ளைகளும் சேரலாம் என்று சொல்லிவிட்டார். சேர்ந்தது நான் ஒருத்திதான். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "பொம்பளப் பிள்ளைக்குக் குதிர என்னத்துக்கு? நாளைக்கு ஒருத்தன் கேட்டா என்ன சொல்லுவேன்?" என்று பதறி வெப்ராளப்பட்டாள். அப்பாதான் சேர்த்துவிட்டார். கொட்டாரம் சந்திப்பில் எங்களுக்குக் கருப்பட்டிக் கடை. அப்பா அதிகம் பேச மாட்டார். அன்று மட்டும் பேசினார். அவருடைய தாத்தா காலத்தில் பெரிய ஆட்களின் குதிரை வந்தால் எங்கள் ஆட்கள் ரோட்டை விட்டு வயலுக்குள் இறங்கி நிற்க வேண்டுமாம். சேறு முழங்கால் வரை இருந்தாலும் இறங்க வேண்டும். "எம்பிள்ள அதே ரோட்டுல குதிர மேல வரட்டு. நான் கடை வாசல்ல நின்னு பாக்கணும்" என்றார்.

குதிரை ஏறலாம் என்று ஓடிய எங்களுக்கு முதல் வாரம் முழுக்கச் சாணி அள்ளுகிற வேலைதான். கொள்ளுக் காணம் ஊறப்போட்டு வேகவைக்க வேண்டும். உடம்பைத் தேய்த்துவிட வேண்டும். குளம்புக்குள் கல் இருந்தால் நோண்டி எடுக்க வேண்டும். பெரிய வீட்டுப் பையன்கள் பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டார்கள். எனக்குத் தொழுவத்து வேலை வீட்டிலேயே பழக்கம், சிரமமாக இல்லை. லில்லியின் கழுத்தை நான் தேய்க்கும்போது அது கீழுதட்டைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொக்கி நிற்கும். எனக்கு அது போதும்.

மாமா மகனும் கேம்பில் இருந்தான். என்னைவிட மூன்று வயது மூப்பு. முதல் நாளே முழங்கால் வரை தோல் பூட்ஸ் போட்டு வந்தவன் அவன் ஒருவன்தான். குதிரை தும்மியதற்கே பின்னால் நாலடி நகர்ந்தான். சேணத்தில் ஏற்றிவிட்டால் இரண்டு கையாலும் பிடரியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வான். ஒரு நாள் குதிரை மெல்ல நடந்துகொண்டிருக்கும்போதே பக்கவாட்டில் சரிந்து, பூட்ஸோடு சாணிக் குவியலில் விழுந்தான். அன்றைக்கென்று பார்த்து மாமா, தன் மகனைப் பார்க்க வந்திருந்தார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். மாமா என்னைத்தான் பார்த்தார்.

என் பாவாடையை நடுவில் பிரித்து இரண்டு காலாகத் தைத்துக் கொடுத்திருந்தார் டீச்சரம்மா. அதைப் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். சார் நடுவில் நின்று கத்துவார். "கீழே நோக்காதே! நீ நோக்குற எடத்துக்குத்தான் அது போவும்." நான் லில்லியின் இரண்டு காதுக்கும் நடுவே பார்ப்பேன். தூரத்தில் ரோடு தெரியும், தென்னை தெரியும், அதற்கும் அப்பால் போகலாம் போல இருக்கும். வீட்டில் எனக்கு அப்படி எதுவும் தெரிந்ததில்லை.

கேம்பு முடிகிற நாள், நன்றாகப் பழகிய ஒரு பிள்ளை லில்லி மேல் ஏறி மைதானத்திலிருந்து கொட்டாரம் சந்திப்பு வரை தனியாகப் போய்த் திரும்பி வர வேண்டும். யார் என்று சார் எல்லோர் முன்னாலும் சொன்னார். என் பெயரைச் சொன்னார். ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அப்பா கருப்பட்டிச் சிப்பத்தைக் கட்டிக்கொண்டிருந்தவர் கயிற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார். அன்று சாயங்காலமே தலைப்பாகைக்குப் புதுத் துணி எடுத்தார்.

தலைப்பாகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் அய்யாவழிக் குடும்பம். எங்கள் வழியில் ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் கும்பிடுவார்கள். தலையில் துணி கட்டக் கூடாது, நிமிர்ந்து நடக்கக் கூடாது என்று அமுக்கி வைத்திருந்த ஜனங்களைப் பார்த்து, தலைப்பாகை கட்டு, நிமிர்ந்து நில் என்று அய்யா சொன்ன வழி அது. திருவிழாவில் எட்டாம் நாள் அய்யா வெள்ளைக் குதிரை வாகனத்தில், கலி என்கிற தீமையை அழிக்க, கலி வேட்டைக்குப் புறப்படுவார். அது மரக்குதிரை, தோளில் சுமந்து வருவார்கள். வழியெல்லாம் ஜனங்கள் தட்டில் வெற்றிலையும் பாக்கும் பழமும் பூவும் வைத்துச் சுருள் கொடுப்பார்கள். எல்லோரையும் போல நானும் அந்தக் குதிரையைக் கும்பிட்டவள்தான். லில்லியையும் அதையும் நான் ஒருநாளும் சேர்த்து நினைத்ததில்லை. மாமா சேர்த்து நினைத்தார்.

அன்று காலை மைதானத்தை விட்டு வெளியே வந்தேன். சார் வாசல் வரை கூட நடந்தார், பிறகு நின்றுவிட்டார். நானும் லில்லியும் மட்டும்தான். ரோட்டோரம் வயலுக்குக் கஞ்சி கொண்டு போகிற பெண்கள் நின்று பார்த்தார்கள். ஒரு கிழவர் தலையிலிருந்த சும்மாட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். சந்திப்பில் அப்பா நிற்பார். எனக்கு அது ஒன்றுதான் மனதில். வளைவு திரும்பினால் எங்கள் நிழல் தாங்கல், அய்யாவைக் கும்பிடும் சின்னக் கோயில். அதைத் தாண்டினால் நேர் ரோடு.

வளைவு திரும்பினேன். தாங்கல் முன்னால் கூட்டம். கைகளில் சுருள் தட்டு, திருநாமம் குழைத்த கிண்ணம். நடுவில் மாமா, பெரிய தலைப்பாகையோடு. என்னைப் பார்த்ததும் "அய்யா சிவசிவ!" என்று கத்திக்கொண்டு ரோட்டுக்குக் குறுக்கே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

முன்னால் ஆள் விழுந்தால் கடிவாளத்தைப் பிடித்து நிறுத்து என்று சார் சொல்லிக் கொடுத்திருந்தார். நிறுத்தினேன். ஒழுங்காகப் படித்த குற்றம். மாமா மகனைப் போல அரைகுறையாகப் படித்திருந்தால் லில்லி தாவியே போயிருக்கும்.

மாமா எழுந்து மண்ணைக்கூடத் தட்டாமல் கண்ணில் நீர் வழிய நின்றார். "எறங்கு மக்கா. இது அய்யாக்க குதிர. தாங்கல் முன்னால சின்னப் பிள்ள ஏறி இருக்கப்பிடாது."

"ஒரு மாசமா நான்தான் ஏறுகேன் மாமா."

"மைதானத்துல ஏறினது வேற. இது அய்யா இருக்க எடம். எறங்கி நீயும் கும்பிடு."

நான் இறங்கவில்லை. யாரோ என் காலை அங்கவடியிலிருந்து கழற்றினார்கள். இன்னும் இரண்டு பேர் என்னைத் தூக்கிக் கீழே விட்டார்கள். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. "நீ குடுத்து வச்சவ, மக்கா" என்று கன்னத்தைத் தடவினார்கள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். தெய்வத்தின் பெயரைச் சொல்லி இறக்கிவிட்டவர்களிடம் பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்ன சொல்லும்? அதற்குள் லில்லியின் நெற்றியில் நாமம் ஏறிவிட்டது, கழுத்தில் பிச்சிப்பூ மாலை விழுந்துவிட்டது. அது ஒரு வாழைப்பழத்தை மென்றுகொண்டு நின்றது.

வெகுநேரம் காத்திருந்துவிட்டு அப்பா வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தார். புதுத் தலைப்பாகை ஒரு பக்கம் சரிந்திருந்தது. கூட்டத்தைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார், ரோட்டில் நின்ற என்னைப் பார்த்தார். மாமாவிடம், "அய்யா நம்மள எறங்கவா சொன்னாரு, மச்சான்?" என்று கேட்டார். மாமா அதைக் காதில் வாங்காமல் இன்னொரு முறை "அய்யா சிவசிவ" என்று குரல் கொடுத்தார். கூட்டம் திருப்பிச் சொன்னது. அப்பாவும் கையெடுத்துக் கும்பிட வேண்டியதாயிற்று. அந்தக் கும்பிடுக்காக மாமாவை நான் மன்னிக்கவே மாட்டேன்.

லில்லியை மாமாவே விலைக்கு வாங்கிவிட்டார். குதிரை சார் போகும்போது, "தினசரி ஓட்டணும் கேட்டோ, நிக்க வச்சா காலு போவும்" என்று இரண்டு முறை சொன்னார். மாமா இரண்டு முறை தலையாட்டினார்.

அடுத்த வருஷம் வைகாசித் திருவிழாவுக்கு மாமா வீட்டுக்குப் போனோம். பின்பக்கம் புதுக் கொட்டகை போட்டு லில்லியைக் கட்டியிருந்தார்கள். உடம்பு தடித்துப் போயிருந்தது. பிடரியில் எண்ணெய், நெற்றியில் நாமம், கழுத்தில் மாலை. முன்கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஒரு காலைத் தூக்குவதும் மற்றதை மாற்றுவதுமாக நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் காதை முன்னால் நீட்டியது. பிறகு கழுத்தைத் தேய்க்கச் சொல்லி நீட்டியது.

மாமி பால் கறந்துவிட்டுச் செம்போடு வந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கோயிலுக்கும் சாவு வீட்டுக்கும் தவிர வாசல் தாண்டாதவள். நேராக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, சிரித்த முகமாகச் சொன்னாள். "பாத்தியா மக்கா, இவளுக்கு இங்க என்ன கொறைச்சல்? நேரா நேரத்துக்குத் தீனி, தலையில பூ, வர்றவங்க எல்லாம் ஒரு கும்புடு. வெளிய போக வேண்டிய தேவையே கெடையாது."

எனக்கு வந்த ஆத்திரம் லில்லி மேல். என் ரோட்டை நிறுத்திவிட்டு எனக்கு வர வேண்டியதையெல்லாம் இது வாங்கிக்கொண்டு சுகமாக நிற்கிறதே என்று பொருமினேன். கழுத்தைத் தேய்க்காமல் திரும்பி நடந்தேன். கொட்டகைக்கு அந்தப் பக்கம் மாமா மகன், குதிரைக்குப் பயந்து ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே கூடத்தில் மாமாவும் அம்மாவும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசி முடித்து, வெற்றிலை பாக்குத் தட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள். திருவிழாவுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.