வாக்குச்சாவடியோடு நின்ற சாலை

புதூர்நாட்டில் நான் ஏறிய ஜீப் ஒரு பள்ளிக்கூட வாசலில் நிற்கிறது. தார்ச்சாலை அங்கேயே முடிகிறது; அதற்கு மேல் கல்லும் சரிவும்தான். வார் அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஜீப்பில் கூட வந்த சின்னையனோடு அவருடைய ஊருக்கு ஏறுகிறேன்.

"ரோடு ஏங்க இங்கயே நின்னுடுச்சு?"

"ஓட்டுப்பொட்டி இந்த இஸ்கூலுக்குத்தான வருது. முன்ன கழுத மேல வந்துது. அப்புறம் பொட்டி ஜீப்புல வரணும்னு ரோடு போட்டாங்க. எங்கூருக்குப் பொட்டி வராதே."

இந்தத் தொகுதியில் கட்சிகள் மாறி மாறி ஜெயித்திருக்கின்றன. ஜெயித்த எல்லோருமே சின்னையன் ஊருக்குச் சாலை போடுவதாகச் சொன்னவர்கள்தான். அதனால் ஊர்க்காரர்கள் சாலை கேட்பதை விட்டுவிட்டு, தங்களுக்கென்று ஒரு வாக்குச்சாவடி கேட்டு மனு கொடுத்திருக்கிறார்கள்.

"சாவடி வந்தா ரோடு வந்துடுமா?"

"வராம இன்னா? புள்ளத்தாச்சின்னா டோலி கட்டித் தூக்கியாங்கன்னு சொல்லுவாங்க. ஆபீசருங்க டோலியில வருவாங்களா?"

சிரித்துவிடுகிறேன்.

"எம்பொண்ணுக்கே இது நெறமாசங்க" என்கிறார்.

"அடுத்த எலெக்ஷன் எப்போ?"

"அதுக்குள்ள பேரப்புள்ள ஓடியாடும்."

சரிவில் நிற்கும் மூங்கில் ஒன்றைப் பிடித்து வளைத்துப் பார்க்கிறார்.

"டோலிக்கு இது தாங்கும்."