பெரியம்மா தாங்காத மருந்து

மார்பில் இருந்த கட்டியை வெட்டி எடுத்த பிறகும் நோய் ஈரல் வரைக்கும் போயிருந்தது. அதற்குத்தான் அந்த மாத்திரையைத் தொடங்கினார்கள். ஊசி இல்லை, வீட்டிலிருந்தே விழுங்கலாம் என்றதும் எனக்கு நிம்மதி. கண்டி டவுனில் மேல்மாடி அறையொன்றில் தனியாக இருக்கிறவள் நான். ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வரச் சொல்லி யாரிடமும் பல்லிளிக்க வேண்டியதில்லை.

ஒரு வாரத்துக்குள் வாய் முழுக்கப் புண். தண்ணீர்கூட இறங்கவில்லை, வயிறு நிற்காமல் போனது. மாதா கோயில் பூசையில் பழக்கமான டீச்சர் ஒருவர் தம்பிலி இளநீரோடு பார்க்க வந்தார். வத்தேகமையில் அவருக்குத் தெரிந்த ஒருத்தி இதே மாத்திரையை விழுங்கிக்கொண்டே கடையில் நின்று வியாபாரம் பார்த்தாளாம். எல்லாம் மனத்தைரியம்தான் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாக்கிலும் புண் இருந்ததால் தப்பிப் போனார்.

டொக்டர் மருந்தை உடனே நிறுத்தினார். சிலருடைய உடம்புக்கு இந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் சக்தி பிறவியிலேயே குறைவாம். மற்றவர்களுக்கு அளவான மருந்து அவர்களுக்குள் தேங்கி நஞ்சாகிவிடுமாம். அது தாய் தகப்பன் வழியாக வருவது. இரத்தத்தை வெளியே அனுப்பிப் பார்க்கலாம், பதில் வரச் சுணங்கும். அதுவரை சும்மா இருந்தால் நோய் ஏறும், மறுபடி கொடுத்தால் மருந்தே என்னை முடித்தாலும் முடிக்கும். இரத்த உறவில் யாராவது இதை எடுத்திருக்கிறார்களா என்று கேட்டார்.

இரத்த உறவுக்கு நான் எங்கே போவது? அப்பா வழியில் யாரும் மிஞ்சவில்லை. கலஹா தேயிலைத் தோட்டத்திலிருந்த அம்மாவின் ஆட்கள் எல்லோரும் நான் பிறக்கும் முன்பே இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். அம்மா மட்டும் இங்கே கல்யாணம் கட்டி நின்றுவிட்டார். அவரும் செத்த பிறகு எனக்கு மிஞ்சியது போனில் ஒரே ஒரு நம்பர். கோத்தகிரியில் இருக்கும் பெரியம்மாவின் மகள். நேரில் பார்த்ததே இல்லை. தினமும் காலையில் ரோஜாப் படத்தோடு வணக்கம் அனுப்புவார். நான் ஒரு நாளும் பதில் போட்டதில்லை. ரோஜாவுக்கு என்ன பதில் போடுவது?

வெந்த வாயோடு கூப்பிட்டேன். நான் யாரென்று சொன்னதும் அழத் தொடங்கினார், எனக்குக் கூச்சமாகிவிட்டது. மருந்தின் பெயரைச் சொன்னதும் அழுகை நின்றது.

"அம்மாவுக்குக் குடல்ல வந்துச்சு. இதே மாத்திரைதான் குடுத்தாங்க. வாயெல்லாம் வெந்து, ஒரு மாசத்துல போயிட்டாங்க. நோயால இல்ல."

டொக்டரிடம் சொன்னேன். அவர் இரத்தப் பதிலுக்குக் காத்திராமல் வேறு மருந்துக்கு மாற்றினார். பிறகு வந்த பதிலும் அதையேதான் சொன்னது. முகமே தெரியாத பெரியம்மா செத்துப்போய் என்னைக் காப்பாற்றியிருக்கிறார்.

பதில் வந்த அன்றே கோத்தகிரி அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அப்ப எனக்கும் அது இருக்குமா?"

"இருக்கலாம்க்கா. நீங்களும் டொக்டர்கிட்ட சொல்லி வைங்க."

போனை வைத்ததும், அவருக்கு அது இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்ள முழங்காலிட்டேன். என்னைப் போல ஓர் உடம்பு உலகத்தில் இன்னொன்று இருக்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்திருந்தது. வேண்ட மனம் வரவில்லை.