காட்டு வீட்டுக்குப் போன ரைஸ் குக்கர்

நான்கு குளிர்காலங்களுக்கு முன், ஒரு பெப்ரவரி மாதம் நடந்தது இது. கனடாவின் மொன்றியல் நகரிலிருந்து வடக்கே பத்து மணி நேரம் காரில் போய், சாலை முடிந்த இடத்தில் இறங்கி, அங்கிருந்து இன்னும் ஒரு மணி நேரம் பனிவண்டியில் காட்டுக்குள் போகவேண்டிய ஓர் ஏரிக்கரையில்.

மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் என் பக்கத்தில் நின்று பெட்டி அடுக்கியவள் என் கியூபெக்காரத் தோழி. எங்கள் பேச்சு பாதி பிரெஞ்சு, பாதி ஆங்கிலம், மிச்சம் கைச்சாடை. ஐம்பத்தைந்து வயதில் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, அந்தக் காட்டில் ஒரு மரவீட்டில் தனியாகக் குடியேறிவிட்டாள். மின்கம்பி கிடையாது, தண்ணீர்க்குழாய் கிடையாது, கைபேசி வேலை செய்யாது. "வந்து ஒரு கிழமை இருந்து பார்" என்று வருடா வருடம் கூப்பிடுவாள். அந்த வருடம் நானும் கணவரும் துணிந்து புறப்பட்டோம். ஏரியின் மறுகரையில் இருக்கும் அவளுடைய ஒரே அயலவர்தான் தன் பனிவண்டியில் எங்களைக் கொண்டுபோய் இறக்கினார். ஏழாம் நாள் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிப் போனார்.

முதல் இரண்டு நாட்களும் திருவிழாதான். உறைந்த ஏரியில் துளை போட்டுத் தண்ணீர் அள்ளினேன். விறகு பிளந்தேன். என் கணவர், மொன்றியலில் குப்பைப் பையைக் கீழே கொண்டுபோகவே முகம் சுளிப்பவர், வெளியே இருந்த கழிப்பறைக்குப் போகும் பாதையில் பாட்டுப் பாடிக்கொண்டு பனி வழித்தார்.

தோழி எங்களிடம் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். கூரையில் இருக்கும் சூரியத் தகடுகள் நான்கு பற்றரிகளை நிரப்பும். அதில்தான் விளக்கும், அவசரத்துக்கு வைத்திருக்கும், செயற்கைக்கோள் வழியாகப் பேசும் செய்மதித் தொலைபேசியும் ஓடும். குளிர்காலத்தில் வெயில் குறைவு. ஆகவே கேட்காமல் எதையும் செருக வேண்டாம்.

ரொட்டியும் சூப்புமாகவே போன மூன்றாம் நாள் கணவர் வாய் திறந்தார். "பாணும் சூப்புமா நாக்குச் செத்துப்போச்சு. ஒரு பிடி சோறு கிடைச்சாக் காணும்."

விறகடுப்பில் வைத்துப் பார்த்தேன். எனக்கு அந்த அடுப்பின் சூடு பிடிபடவில்லை. சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "அடியில கரி, நடுவில கஞ்சி, மேல அரிசி. இதைச் சோறெண்டு சொல்லாதையும்."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று பையில் போட்டுக்கொண்டு வந்த சின்ன ரைஸ் குக்கரை, தோழி வெளியே விறகு எடுக்கப் போன நேரம் பார்த்துச் செருகினேன். பூப்போலச் சோறு! தோழி இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள். "எப்படிச் சமைத்தாய்?" என்று கேட்டாள். "உன் அடுப்பில்தான்" என்றேன்.

"உண்மையைச் சொல்லிப்போடும். பேந்து தெரிஞ்சால் வெக்கக்கேடு" என்றார் கணவர். "ஓம், ஓம், சொல்லுறன்" என்றேன். சொல்லவில்லை. அடுத்த இரண்டு நாட்களும், ஒரு பொழுது தவறாமல், அவள் முதுகு திரும்பியதும் குக்கர் வேலை செய்தது. வெளியே வெயிலே இல்லை. பனி கொட்டிக்கொண்டிருந்தது.

ஆறாம் நாள் காலை விளக்கு எரியவில்லை. தோழி குழம்பிப்போனாள். இத்தனை சீக்கிரம் பற்றரி இறங்கியதே இல்லையாம். "தகட்டில் பனி மூடியிருக்கும், என் கவனக்குறைவு" என்று சொல்லிக்கொண்டே ஏணியையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு போனாள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். தேநீர்க் கோப்பையைப் பிடித்தபடி நின்றேன்.

தொப்பென்று ஒரு சத்தம். ஓடிப்போனோம். ஏணி சரிந்து கிடந்தது. பனியில் விழுந்ததால் தலை தப்பியது. ஆனால் வலது கால், கணுக்காலுக்கு மேலே, பார்க்கவே கூடாத கோணத்தில் திரும்பியிருந்தது. இருவருமாக இழுத்து உள்ளே கொண்டுவந்தோம். தொலைபேசியை எடுத்தோம். அதில் உயிர் இல்லை.

வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "மன்னித்துவிடு, விருந்தினரை வைத்துக்கொண்டு நான் கவனமாக இருந்திருக்க வேண்டும்" என்று அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அதைத் தாங்க முடியவில்லை. பையிலிருந்த குக்கரைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்து, எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன்.

அவள் குக்கரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு, "அடுப்பில் இவ்வளவு நன்றாக வராதே என்று எனக்குச் சந்தேகம் இருந்தது" என்றாள். சிரிக்கப் போய் வலியில் கத்தினாள்.

கணவருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை நடந்து ஒரு வருடம்தான். மறுகரை அயலவரிடம் நான்தான் போகவேண்டும். தோழி, அகலமான பனிக்காலணியைக் காலில் கட்டிக்கொண்டு, ஏரியின் மேல் நட்டிருக்கும் மரக்கொப்புகளைத் தொடர்ந்து போகச் சொன்னாள். அவை பனிக்கட்டி தடிப்பாக இருக்கும் பாதையைக் காட்டுபவை. "ஒரு கொப்பை விட்டால் அடுத்த கொப்பு. வேறு எங்கும் கால் வைக்காதே."

நான்கு கிலோமீட்டர். மூன்று தரம் விழுந்தேன். ஓரிடத்தில் காற்று கிளப்பிய பனியில் அடுத்த கொப்பு தெரியவில்லை. காலடியில் ஏரி 'டங்' என்று முனகியது. அசையாமல் நின்று, தெரிந்த கடவுள்களை எல்லாம் கூப்பிட்டேன். காற்று அடங்கியதும் கொப்பு, பத்தடிக்கு முன்னால், அப்பாவியாக நின்றுகொண்டிருந்தது.

கதவைத் திறந்த அயலவருக்கு என் பிரெஞ்சு புரியவேண்டுமே! என்னிடம் இருந்ததெல்லாம் தொழிற்சாலைப் பிரெஞ்சு. உடைந்த பெட்டியைப் பார்த்தால் நாங்கள் கத்தும் சொல்லைத்தான் கத்தினேன்: "கசே! கசே!" கூடவே என் காலைத் தட்டிக் காட்டி, மறுகரையைக் காட்டினேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தன் செய்மதித் தொலைபேசியில் பேசியபடியே மற்றக் கையால் அங்கியை மாட்டினார். அன்று மத்தியானமே, தோழியைப் பனிவண்டியின் பின்னால் இழுவைப் பலகையில் கட்டிச் சாலைக்குக் கொண்டுபோனார். அங்கே அம்புலன்ஸ் காத்து நின்றது.

கால் பொருந்தும்வரை இரண்டு மாதம் அவள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். என் கணவரிடம் சீட்டாட்டம் கற்று, அவரையே தோற்கடித்தாள். பனி உருகியதும் மறுபடி காட்டுக்குப் போய்விட்டாள். எங்களை மறுபடியும் கூப்பிட்டாள். போனோம்.

அவள் இன்றும் லேசாகக் காலைச் சாய்த்துத்தான் நடக்கிறாள். போன கோடையில் பழைய வேலைத்தோழர்கள் கூடியபோது ஒருவர் காரணம் கேட்டார். "பனி வழிக்கக் கூரையில் ஏறினேன், என் அவசரம்" என்று என்னைத் திரும்பியும் பாராமல் சொன்னாள். எனக்குத் தெரிந்தவரை இதுவரை ஒருவரிடமும் என் பங்கை அவள் சொன்னதில்லை. அவள் சொல்லாமல் காத்ததை நானே சொல்லிவிட வேண்டும் என்று இத்தனை நாள் கழித்து எழுத உட்கார்ந்த பிறகுதான், அன்று காலை அந்தத் தேநீர்க் கோப்பையோடு வாய் திறக்காமல் நின்ற இடத்திலிருந்து நான் ஓர் அடி நகர்ந்திருக்கிறேன் என்று தோன்றுகிறது.