பதினொரு கிலோ

இது உண்மையில் நடந்தது. எனக்கே நடந்தது. ஆதாரம் வேண்டும் என்றால் என்னிடம் ஒரு ரப்பர் வாத்து இருக்கிறது, வந்து பார்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வாதாட எனக்குத் தெம்பில்லை. எட்டு மாதமாகச் சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் தூங்காதவளிடம் யாரும் வாதத்துக்கு வராதீர்கள்.

தூங்கவிடாதவன் என் மகன். வீட்டில் அவனுக்கு முதலாளி என்று பெயர். அதட்டி வேலை வாங்குவான், சம்பளம் தரமாட்டான், லீவும் கிடையாது. அவன் தூங்குவதற்கு ஒரே வழிதான் உண்டு. குழந்தைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். வண்டி நின்றால் கண்ணைத் திறப்பான். கண்ணைத் திறந்தால் வாயையும் திறப்பான்.

அவனுடைய அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஒரு பழைய கோட்டை நகரத்தில், அருங்காட்சியகத்துக்குப் புது லிஃப்ட் மாட்டும் வேலை வந்தது. "நீயும் வா. கோட்டை, மணிக்கூண்டு எல்லாம் சுத்திப் பாரு. உனக்கும் ஒரு மாறுதலா இருக்கும்" என்றார். மாறுதல்தான். வீட்டில் பட்ட பாட்டை அங்கே குளிரில் பட்டேன்.

அன்று காலை அவர் கடுகடுவென்று கிளம்பினார்.

"லிஃப்ட் காலியாத்தான் நிக்குது. ஆனா உள்ள பதினொரு கிலோ இருக்குன்னு காட்டுது. ரெண்டு சென்சார் மாத்திப் பாத்துட்டேன். அதே பதினொண்ணு."

"எலி எதாவது ஏறி உக்காந்திருக்கும்."

"பதினொரு கிலோவுல எலியா? வெள்ளிக்கிழமை திறப்பு விழா. என் மானமே போகப்போகுது. நீ வேற."

வாசல் வரை போனவர் திரும்பி வண்டியின் கைப்பிடியைக் காட்டினார். "பையை அதுல மாட்டாதேன்னு எத்தனை தடவை சொல்றது? குழந்தையைத் தூக்கினா வண்டி பின்னால கவுந்துடும்."

அவர் சொன்னது சரி. அது எடை குறைந்த வண்டி. பையோ, பால் ஃபிளாஸ்க், டயப்பர், மாற்றுத் துணி என்று பிதுங்கிக்கொண்டிருக்கும். முதலாளி உள்ளே இருக்கும்வரை அவன் கனத்தில் வண்டி நேராக நிற்கும். பையை எடுக்காமல் அவனைத் தூக்கினால் அடுத்த நொடி தடால் என்று மல்லாக்க விழும். மூன்று முறை விழுந்திருக்கிறது. ஒருமுறை ஒரு டஜன் முட்டை போனது. ஆனாலும் பையைத் தோளில் மாட்ட எனக்கு மனம் வராது. என் தோள் ஏற்கெனவே ஒருவருக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது.

மதியத்துக்கு மேல் கிளம்பினேன். மெல்லிய பனி விழுந்து, கல் பாவிய தெருவெல்லாம் மாவு சலித்துப் போட்டாற்போல் இருந்தது. தெருமுனையில் இரண்டு கிலோ ஆரஞ்சு வாங்கிப் பையில் திணித்தேன். மணிக்கூண்டைப் பார்த்தேன். மணிக்கூண்டு மாதிரிதான் இருந்தது. கோட்டைச் சுவரில் பீரங்கி வைத்த இடத்தைப் பார்த்தேன். அது எந்த நூற்றாண்டு என்று பலகையில் எழுதியிருந்தது. நான் படிக்கவில்லை. சக்கரம் கல்லின் மேல் கடகடவென்று ஓட, முதலாளி அரைக்கண் மூடினான். அது போதும். எங்கே போகிறேன் என்பது எனக்கு முக்கியமில்லை.

கோட்டைச் சுவரைக் குடைந்து ஒரு பாதை போகிறது. இந்தப் பக்கத்துத் தெருவையும் அந்தப் பக்கத்துத் தெருவையும் சேர்க்கும் குறுக்கு வழி. நாங்கள் தங்கியிருந்த விடுதிக்குத் திரும்புவதற்கும் அதுதான் பாதை. உள்ளே காற்று அடிக்காது. நடுவில் ஒரு இரும்புக் கதவு, அதன் மேல் பிளாஸ்டிக் தாள் போர்த்தி "வேலை நடக்கிறது" என்று பலகை. எதிரே உட்கார ஒரு கல். உட்கார்ந்தேன். ஒரு காலால் சக்கரத்தை முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டே கண்ணை மூடினேன். ஒரே ஒரு நிமிடம் என்றுதான் நினைத்தேன்.

கண் விழித்தபோது சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கிரீச்... கிரீச்... வண்டி ஆடிக்கொண்டிருந்தது.

என் இரண்டு காலும் தரையில் இருந்தன.

நான் பார்த்ததும் வண்டி நின்றது. தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டேன். கலக்கத்தில் நான் உப்புக்குப் பதில் சோப்புத் தூளைப் போட்டுச் சமைத்தவள். கால் ஆட்டியது நினைவில்லாமல் போவதா பெரிய விஷயம்?

முதலாளி விழித்திருந்தான். அழவில்லை. அதுவே அதிசயம். என்னைப் பார்க்கவில்லை. தன் கால்மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். எப்போதும் போர்வையை உதைத்துத் தள்ளுகிறவன், இரண்டு முழங்காலையும் மடக்கி வைத்திருந்தான். பேருந்தில் பக்கத்தில் ஒருவர் உட்கார வரும்போது நாம் ஒதுங்குவோமே... அப்படி.

வெளியே வந்தேன். மணிக்கூண்டு நாலு அடித்தது. இருட்டத் தொடங்கியிருந்தது.

வண்டி கனத்தது. தெரு ஏற்றமாக இருக்கும் என்று நினைத்துத் தள்ளினேன். இடுப்பு ஒடிந்தது. கொஞ்ச தூரம் போனதும் தெரு இறங்கியது. அப்போதும் கனத்தது. சக்கரத்தில் பனி அடைத்திருக்கும் என்று குனிந்து பார்த்தேன். அடைக்கவில்லை. ஆனால் பின்னால் எங்கள் தடம் தெரிந்தது. மதியம் கோடு கிழித்தாற்போல் மெல்லியதாக விழுந்த தடம், இப்போது கல் தெரியும் அளவுக்கு ஆழமாக இருந்தது.

முதலாளி கையில் அவனுடைய வாத்து இருந்தது. அலகெல்லாம் கடித்துப் பிய்த்த மஞ்சள் வாத்து. பெற்றவளுக்குக்கூடத் தரமாட்டான். அதைக் கால்மாட்டுப் பக்கம் நீட்டினான். நீட்டி, கையை விட்டான்.

விழுந்த சத்தம் வரவில்லை.

தரையில் பார்த்தேன். போர்வைக்குள் தடவினேன். இல்லை. போர்வையின் அந்த ஓரம் மட்டும் சில்லென்று இருந்தது.

எதிரே ஒரு காபிக் கடை. வெளிச்சத்தைக் கண்டால் போதும் என்று உள்ளே நுழைந்தேன். கடைக்காரம்மா கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேஜைக்கு அடியில் அவளுடைய சின்னப் பெண் படம் வரைந்துகொண்டிருந்தாள். அவசரத்தில் பையை மறந்துவிட்டேன். முதலாளியை அள்ளித் தூக்கினேன். தூக்கிய பிறகுதான் உறைத்தது. வண்டி விழப் போகிறது, இரண்டு கிலோ ஆரஞ்சு... பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

வண்டி விழவில்லை.

பை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே குழந்தை இல்லை. வண்டி நேராக நின்றது.

"வழியில நிக்குது, கொஞ்சம் நகத்திக்கறேன்மா" என்று கடைக்காரம்மா கைப்பிடியைப் பிடித்தாள். தள்ளினாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"என்னம்மா இந்தக் கனம் கனக்குது? குழந்தைதான் உங்க கையில இருக்கே?"

முதலாளியை இறுக்கி அணைத்துக்கொண்டேன். காபி வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். தோன்றாமல் இல்லை. ஆனால் அந்தச் சின்னப் பெண் வரைவதை நிறுத்திவிட்டு, காலி வண்டியைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்திருந்தாள். அவளும் ஒருத்தி பெற்ற பிள்ளைதானே. முதலாளியைக் கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டேன். ஒரு கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த வழியே திரும்பினேன்.

பாதைக்குள் என் ஷூ சத்தம் மட்டும்.

சக்கரச் சத்தம் இல்லை. கல்லின் மேல்தான் ஓடியது... சத்தம் இல்லை.

இரும்புக் கதவுக்கு எதிரே வந்ததும் என்னால் முடியவில்லை. கை விட்டுப்போயிற்று. பயம்கூடப் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது அழுகை. எட்டு மாத அழுகை.

"இறங்கிக்கோ கண்ணு" என்றேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்காதீர்கள். "என்னால முடியல. ஒண்ணையே தூக்க முடியல. இறங்கிக்கோம்மா."

ஒன்றும் நடக்கவில்லை.

முதலாளி கோட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டினான்.

வண்டி லேசாக ஆடியது...

தடால்!

மல்லாக்க விழுந்தது. ஆரஞ்சுகள் சிதறி உருண்டன. இருட்டுக்குள் டக்... டக்... டக்... என்று போய்க்கொண்டே இருந்தன.

ஒன்று மட்டும் திரும்பி உருண்டு வந்தது.

நான் நிற்கவில்லை. வண்டியை நிமிர்த்தி, விழுந்த பையை உள்ளே எறிந்து, ஓடினேன். காற்று மாதிரி லேசாக இருந்தது வண்டி.

ராத்திரி அவர் முகமெல்லாம் குழப்பத்தோடு வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"இன்னிக்கு ஒரு கூத்து. நாலு மணிக்கு லிஃப்ட் பூஜ்யம் காட்டுச்சு. அப்பாடான்னு உக்காந்தேன். ஒரு மணி நேரம் சுத்தமா பூஜ்யம். அஞ்சடிக்கும்போது மறுபடியும் பதினொண்ணு."

"லிஃப்ட் கீழ எங்க போய் நிக்குது?"

"அடித்தளத்துல. கோட்டைச் சுவருக்குள்ள ஒரு பாதை போகுதே, அங்க ஒரு இரும்புக் கதவு..." நிறுத்திவிட்டுச் சட்டைப்பையில் கையை விட்டார். "ஆங், இது லிஃப்ட்டுக்குள்ள கிடந்துச்சு. நம்ம முதலாளியோடது மாதிரியே இருக்கேன்னு எடுத்துட்டு வந்தேன்."

மஞ்சள் வாத்து. பிய்ந்த அலகு.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. குளிரில் இரும்பு சுருங்கும், அதனால்தான் எடை தப்பாகக் காட்டும் என்று நெடுநேரம் விளக்கினார். எனக்கா, அவருக்கேவா என்று தெரியவில்லை. திறப்பு விழா நெருங்கிவிட்டதால் மெக்கானிக்குகள் செய்வதைச் செய்தார். அந்தப் பதினொரு கிலோவையே பூஜ்யம் என்று லிஃப்ட்டுக்குச் சொல்லி வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை எல்லோரும் கைதட்டினார்களாம். நாங்கள் ஊர் திரும்பினோம்.

ஒரு மாதம் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அருங்காட்சியகத்துக் காவலாளி அவரைப் போனில் கூப்பிட்டார். பேசிவிட்டு போனை வைத்தவர் தட்டைத் தள்ளிவிட்டார்.

"என்னங்க?"

"லிஃப்ட் மைனஸ் பதினொண்ணு காட்டுதாம்."

"எப்பலேர்ந்து?"

"மூணு நாளா. ராப்பகலா அப்படியேதான் இருக்காம். மாறவே இல்லையாம்."

நான் எழுந்து வாசலுக்கு ஓடினேன். வண்டியில் முதலாளி உட்கார்ந்திருந்தான். கனமான பையைக் கொண்டுவந்து கைப்பிடியில் மாட்டினேன். அவனைத் தூக்கினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தடால் என்று விழுந்தது. முதலாளி கைகொட்டிச் சிரித்தான். அந்தச் சத்தம் கேட்டு எனக்கு வந்த நிம்மதி, தூங்கி எழுந்தால்கூட வராது.

அந்த நிம்மதி அன்று ராத்திரிவரைதான் இருந்தது. அந்த ஊரில் இன்னும் குளிர்காலம்தான். என்னைப் போல எவளோ ஒருத்தி அந்தக் கல்லில் ஒரு நிமிடம் கண்ணை மூடியிருக்கிறாள். எழுந்து, தெரு ஏற்றமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, வீடுவரைக்கும் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.