ஒன்பதாம் ரகம்

எங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கி இருக்கிறது என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் என்னைத்தான் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். என் கோபம் ஊரறிந்தது. இருபத்திரண்டு வருடமாக மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன்; கத்தாமல் யாருக்கும் வேதியியல் ஏறியதாக எனக்கு நினைவில்லை. ஆனால் துப்பாக்கி என்னுடையதல்ல. என் கணவருடையது. பயிர்ப் பாதுகாப்புக்கென்று அவருடைய அப்பா முறைப்படி லைசென்ஸ் வாங்கி, பிறகு இவர் பெயருக்கு மாறியது.

மாரண்டஹள்ளியைத் தாண்டிக் காட்டோரமாக எங்களுக்கு நாலு ஏக்கர். கடலை காய் பிடித்ததும் காட்டுப்பன்றிகள் வந்து, டிராக்டர்கூட அப்படி உழாது, உழுதுவிட்டுப் போகும். அவற்றை விரட்டத்தான் துப்பாக்கி. அது நாட்டுத் துப்பாக்கி, பின்பக்கம் திறக்காது. குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, மேலே காகிதமோ நாரோ சுருட்டி வைத்து, நீளக் கம்பியால் குத்தி இறுக்க வேண்டும். அதற்குக் கெட்டிப்பது என்று பெயர். கெட்டித்துவிட்டால், உள்ளே போனது வெளியே வர ஒரே வழி வெடிப்பதுதான். என் கணவர் குண்டு போடுவதில்லை. மருந்தும் காகிதமும் மட்டும். பன்றிக்குக் காயம் படக்கூடாது, பயம் மட்டும் வந்தால் போதும் என்பது அவர் கொள்கை. இந்தக் கொள்கை பன்றிகளுக்கும் தெரிந்துவிட்டது என்பது என் சந்தேகம்.

மருந்தைச் சேலத்தில் ஒரு லைசென்ஸ் கடையில்தான் வாங்கிக்கொண்டிருந்தார். போன வருடம் இரண்டு முறை போயும் ஸ்டாக் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சனி அங்கேதான் பிடித்தது. அந்த நேரம் பார்த்து என் அண்ணன் மின்வாரியத்தில் ஒயர்மேன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். வாழ்நாளெல்லாம் கம்பத்தின் மேல் இருந்த மனிதர், கீழே இறங்கியதும் என்ன செய்வதென்று தெரியாமல் தினமும் எங்கள் தோட்டத்துக்கு வர ஆரம்பித்தார். இருவரும் மோட்டார் ரூமில் உட்கார்ந்து செல்போனில் வீடியோ பார்த்தார்கள். தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள் காட்டுக்குள் நின்று பழைய துப்பாக்கியால் சுட்டுச் சுட்டுச் சிரிக்கும் வீடியோ.

"நாமளே செஞ்சா என்னாங்க மச்சான்?" என்று என் கணவர் கேட்டிருக்கிறார். அண்ணன் மறுநாளே ஒரு பழைய தராசோடு வந்து நின்றார்.

என்னென்ன போட்டார்கள், எவ்வளவு போட்டார்கள் என்று எழுதப் போவதில்லை. எழுதினாலும் யாருக்கும் உபயோகமில்லை. அந்த அளவில் எதுவும் வெடிக்காது. சட்டப்படி தப்பு, கையும் போகும் கண்ணும் போகும் என்று முதல் நாளே கத்தினேன். இருவரும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்கள். நான் பள்ளிக்குக் கிளம்பியதும் மறுபடி மோட்டார் ரூமுக்குப் போய்விட்டார்கள். என் மாவு சல்லடை காணாமல் போனது அந்த வாரம்தான்.

செய்ததற்கெல்லாம் பெயர் வேறு வைத்தார்கள். ஒன்றாம் ரகம், இரண்டாம் ரகம் என்று. ஒன்றாம் ரகம் புகைந்தது. இரண்டாம் ரகம் அதுவும் செய்யவில்லை. மூன்றாம் ரகத்தின் நாற்றத்தில் மாடு இரண்டு வேளை பால் தர மறுத்தது. ஐந்தாம் ரகத்தைக் கெட்டித்து விடியற்காலையில் பன்றியைப் பார்த்து விசையை இழுத்தபோது "புஸ்" என்று ஒரு சத்தம் வந்ததாம். பன்றி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, திரும்பக் கடலையைத் தின்ன ஆரம்பித்ததாம். இதை என் கணவரே வந்து சொன்னார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், அதில்தான் எனக்குப் பாதிக் கஷ்டம்.

பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருநாள் வேலியோரம் நின்று கேட்டார். "ஏனுங்க டீச்சர், உங்க தோட்டத்துல தெனமும் சாம்பிராணி போடறீங்களே, என்னா விசேசம்?"

"ஒண்ணுமில்லீங்க அக்கா. ரெண்டு பேருக்குப் பேய் புடிச்சிருக்குது" என்றேன்.

ஒருமுறை மட்டும் அண்ணன் தயங்கித் தயங்கி என்னிடமே வந்தார். "பாப்பா, நீ படிச்சவ. எதுக்கு புடிக்க மாட்டேங்குதுன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லேன்."

"ஒம்பதாங்கிளாஸ் புள்ளைக்கு இருக்கிற புத்திகூட உங்க ரெண்டு பேருக்கும் இல்ல, அதனாலதான் புடிக்கல" என்று சொன்னேன். இந்த வார்த்தையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறக்க முடியாமல் இருக்கிறேன்.

இதற்கிடையில் தேர்தல் அறிவித்தார்கள். எங்கள் பக்கம் தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகள் எல்லாம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடும். ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, ஓட்டு எண்ணி முடித்த பிறகு திரும்பி வாங்க வேண்டும். இந்த முறை அதில் ஒரு சிக்கல் இருந்தது. லைசென்ஸ் புத்தகத்தின் காலம் முடிந்து, புதுப்பிக்கச் சொல்லிக் கலெக்டர் ஆபீசில் கொடுத்திருந்தோம். அதற்கு அடையாளமாக வெளிர்ப்பச்சையில் அரைத்தாள் அளவுக்கு ஓர் ஒப்புகைச் சீட்டு தந்திருந்தார்கள். புதுப் புத்தகம் வரும்வரை எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான். அந்தச் சீட்டு கையில் இருந்தால் அது மாமனாரின் துப்பாக்கி. இல்லாவிட்டால் கள்ளத் துப்பாக்கி, என் கணவர் கேஸில் மாட்டுவார். லைசென்ஸ் ஒருமுறை போனால் இந்தக் காலத்தில் திரும்பக் கிடைக்காது.

கெடுவின் கடைசி நாள் ஒரு சனிக்கிழமை. சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். வேறு எந்த வீட்டிலும் முதல் நாளே கொண்டுபோய்க் கொடுத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் ஒன்பதாம் ரகம் காய்ந்துகொண்டிருந்தது. அதைச் சோதிக்காமல் துப்பாக்கியை அனுப்ப இருவருக்கும் மனசு வரவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு அண்ணன் கொல்லைப்புறமாக வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"பாப்பா, கோவப்படாத. துப்பாக்கி கெட்டிச்சாச்சு. நாலு தடவ இழுத்தாச்சு. வெடிக்க மாட்டேங்குது."

"சரி, வெளிய எடுங்க."

"அதுதான் வர மாட்டேங்குது."

மோட்டார் ரூமுக்கு ஓடினேன். என் கணவர் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு, காய்ச்சல் கண்ட குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டித்த துப்பாக்கியை ஸ்டேஷனில் கொடுக்க முடியாது. ஏட்டு கம்பியை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். என்ன மருந்து, எந்தக் கடை, பில் எங்கே என்று கேட்பார். அண்ணன் குழலைத் தலைகீழாகப் பிடித்துத் தரையில் தட்டப் போனார். நான் போட்ட சத்தத்தில் வேலியோரம் இருந்த கோழிகள் எல்லாம் பறந்தன.

"தண்ணி கொண்டாங்க" என்றேன்.

குழலை நெட்டுக்குத்தாக நிறுத்தி, வாய் வழியாகத் தண்ணீரை ஊற்றினேன். அரை மணி நேரம் ஊறவிட்டேன். பிறகு அண்ணன், சுவருக்குள் பைப்பில் ஒயர் இழுக்கும் ஸ்பிரிங் கம்பியைக் கொண்டுவந்து, நுனியைக் கொக்கியாக வளைத்து உள்ளே விட்டார். முப்பத்தைந்து வருட சர்வீஸ் வீண்போகவில்லை. மூன்றாவது இழுப்பில் கறுப்பாக ஓர் ஈர உருண்டை வெளியே வந்து விழுந்தது. பின்னாலேயே மை போன்ற தண்ணீர். மிச்சமிருந்த ஒன்பதாம் ரகத்தையும் தண்ணீர்த் தொட்டியில் கரைத்துக் கொட்டினேன். எனக்குப் பெருமையாகவே இருந்தது. படித்தவள் என்றால் இப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

"போலாம், சீட்டை எடுங்க" என்றேன்.

கணவர் ஜன்னல் பலகையைத் தடவினார். "காலைலேயே எடுத்தாந்து இங்கதான வெச்சேன். பழைய பேப்பர் மேல."

அண்ணன் குனிந்தார். தரையில் கிடந்த உருண்டையையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "மாப்ள, அது பச்சைக் கலருங்களா?"

யாரையும் திட்ட நேரமில்லை. மணி மூன்றேகால். உருண்டையை வீட்டுக்குக் கொண்டுபோய், வாழை இலை மேல் வைத்துப் பிரித்தேன். பிரசவ வார்டில்கூட யாரும் அவ்வளவு கவனமாகக் கைவைத்திருக்க மாட்டார்கள். கிழியாமல் வந்தது. ஓரமெல்லாம் கறுப்பு, ஆனால் மனு எண் தெரிந்தது, தேதி தெரிந்தது, வட்ட முத்திரை தெரிந்தது. சொட்டச் சொட்ட அதை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக முடியாது. காய வேண்டும். வெயிலில் வைக்க நேரமில்லை.

இஸ்திரிப் பெட்டியைச் சொருகினேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கருமருந்தில் இருக்கும் வெடியுப்பின் கரைசலில் நனைந்த காகிதம் காய்ந்தால் என்ன ஆகும் என்பதை வருடாவருடம் நான் வகுப்பில் சொல்லுகிறேன். பட்டாசுத் திரி ஏன் விடாமல் எரிகிறது என்று கேள்வியும் கேட்கிறேன். பதில் எழுதாத பிள்ளையை எழுப்பி நிற்க வைக்கிறேன். அந்த நான்தான், என் பள்ளிக்கூடப் புடவைகளை இஸ்திரி போடும் மேஜையில், இரண்டு துண்டுகளுக்கு நடுவே சீட்டை வைத்து, சூட்டைக் கடைசிவரை திருகிவிட்டுத் தேய்த்தேன்.

முதல் தேய்ப்பில் ஆவி வந்தது. இரண்டாவதில் சீட்டு மொறுமொறுவென்று ஆனது. மேல் துண்டை எடுத்துவிட்டு, ஓரச் சுருக்கம் போகட்டும் என்று நேரடியாக ஒரு தேய்ப்புத் தேய்த்தேன்.

"ஸ்ஸ்ஸ்" என்றது. ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி தோன்றி, அவசரமே இல்லாமல், மனு எண்ணை நோக்கி நடந்தது.

"புடிச்சுது!" என்று அண்ணன் கத்தினார். "மாப்ள, புடிச்சுது! ஒம்பதாம் ரகம் புடிச்சுது!"

என் கணவர் அண்ணனைக் கட்டிக்கொண்டார். உண்மையாகவே கட்டிக்கொண்டார். எட்டு மாதம் ஏங்கியது கண்முன்னால் எரிகிறது. எரிவது தன்னுடைய லைசென்ஸ் என்பது அவருக்கு உறைக்க இரண்டு விநாடி ஆனது. அதற்குள் நான் ஈரத் துண்டை வீசி, கையால் அடித்து அணைத்தேன். உள்ளங்கை கொப்பளித்தது. சீட்டில் முத்திரையும் தேதியும் மிச்சம். எண் போய்விட்டது.

எனக்கு அழுகை வந்தது. பெரிய கோபக்காரி என்று பெயர் எடுத்தவள், இஸ்திரி மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். அவர் அப்பாவிடமிருந்து வந்த ஒரே சொத்துப் போல அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தார். அதை நான் பொசுக்கிவிட்டேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை செய்யாத வேலை.

"வா, போலாம். மணி நாலு" என்றார் என் கணவர். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

போர்வையில் சுற்றிய துப்பாக்கியோடு மொபட்டின் பின்னால் உட்கார்ந்து போனேன். ஸ்டேஷனில் ஏட்டு வயதானவர், மூக்குக்கண்ணாடி. துப்பாக்கியை வாங்கிக் குழலுக்குள் கம்பியை விட்டார். கம்பி கடைசிவரை போனது. எடுத்தபோது நுனியில் ஈரம்.

"என்னாங்க, துப்பாக்கியக் குளிப்பாட்டினீங்களா?"

"சுத்தமா குடுக்கணும்னுங்க" என்றார் என் கணவர்.

அடுத்து சீட்டு. ஏட்டு அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பொசுங்கிய ஓரத்தை மோந்து பார்த்தார். கண்ணாடிக்கு மேலே எங்களைப் பார்த்தார்.

"நம்பரக் காணோமே. இது எப்படிங்க எரிஞ்சுது?"

"என் கவனக்கொறைவுதாங்க" என்று என் கணவர் சட்டென்று சொன்னார். "அடுப்புப் பக்கத்துல வெச்சிட்டேனுங்க. வூட்ல இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது." பொய் சொல்லத் தெரியாதவர் முதல்முறையாகச் சொன்ன பொய். காது மடல் வரைக்கும் சிவந்துவிட்டது. பார்த்த எவருக்கும் பொய் என்று தெரிந்திருக்கும்.

நான் குறுக்கிட்டேன். "இல்லீங்க ஏட்டய்யா. நனைஞ்சு போச்சு. காயட்டும்னு நாந்தான் இஸ்திரி போட்டேன். எரிஞ்சிடுச்சு."

"இஸ்திரியா?" அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "நீங்க என்னா பண்றீங்கம்மா?"

"டீச்சருங்க."

"என்னா பாடம்?"

ஒரு நிமிடம் தமிழ் என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. "கெமிஸ்ட்ரிங்க" என்றேன்.

ஏட்டு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவர் தோள்கள் குலுங்கின. உள்ளே எழுதிக்கொண்டிருந்த பெண் காவலரும் வாயைப் பொத்திக்கொண்டார். சிரித்து முடித்ததும் கலெக்டர் ஆபீசுக்குப் போன் போட்டார். தேர்தல் வேலையில் சனிக்கிழமையும் ஆட்கள் இருந்தார்கள். பெயரையும் தேதியையும் சொன்னதும் மனு எண் கிடைத்தது. பொசுங்கிய சீட்டின் பின்னால் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டு, துப்பாக்கிக்கு ரசீதும் கொடுத்தார். மணி ஐந்துக்கு ஏழு நிமிடம் இருந்தது.

"திங்கக்கிழமையே போயி டூப்ளிகேட் வாங்கிக்கங்கம்மா" என்றவர், என் கணவரிடம் குரலைத் தாழ்த்தினார். "மருந்து கடையில மட்டும் வாங்குங்க. எனக்கு மூக்கு நல்லா வேல செய்யுதுங்க."

"இனிமே இல்லீங்க" என்றார் என் கணவர். இந்த முறை காது சிவக்கவில்லை.

திரும்பும்போது கொப்பளித்த கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாலத்தருகே மொபட்டை நிறுத்தி அவர் திரும்பிப் பார்த்தார்.

"நாந்தான் பழிய ஏத்துக்கிட்டேனே. நீ எதுக்கு நடுவுல பூந்து மானத்த வாங்கிக்கிட்ட?"

"ஒம்பது ரகத்துல ஒண்ணுதான் புடிச்சுது" என்றேன். "அதையும் நீங்களே எடுத்துக்குவீங்களா?"